மூன்று டாலருக்கு ஒரு நகரம்

1858-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஜேம்ஸ் இங்கால்ஸ் என்ற இளம் வக்கீலின் கண்ணில் ஒரு வண்ணப் படம் பட்டது. கன்சாஸ் பிரதேசத்தில், மிசூரி ஆற்றங்கரையில், சம்னர் என்றொரு பட்டணம். ஆற்றில் நீராவிக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கல் பாவிய வீதிகளில் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. பூங்காக்கள், நீரூற்றுகள், பெரிய மனிதர்களின் மாளிகைகள், மேட்டின்மேல் கல்விக்கூடங்கள், ஏக்கர் கணக்கில் ஆலைகள், ஆலைகளின் தலைக்குமேல் கருகருவென்று புகை. வக்கீல் மூட்டை கட்டினார். வயது 24. படத்தை நம்புகிற வயதுதான்.

போய் இறங்கியவர் கண்ட சம்னர் வேறு. தேவாலயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஆலை இல்லை, பழகுவதற்கு மனிதர்கூட இல்லை என்று வீட்டுக்குப் புலம்பிக் கடிதம் எழுதினார். நீரூற்றைப் பற்றி அவர் விசாரித்திருந்தால் ஆற்றைக் கைகாட்டியிருப்பார்கள். இருந்த கொஞ்சநஞ்சத்தையும் 1860-இல் ஒரு சூறாவளி வந்து வாரிக்கொண்டு போயிற்று. ஊர் அதோடு சரி. வக்கீல் பக்கத்து ஊரான ஆட்சிசனுக்குக் குடிபெயர்ந்து, 1873 முதல் 18 ஆண்டுகள் அமெரிக்க செனட்டராக இருந்தார். இல்லாத ஊருக்கு வழி கேட்டு வந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது.

இந்த வித்தை சம்னர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 20 ஆண்டுகளுக்கு முன்பே, ஒகையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் சேருகிற சேற்றுமுனையில் கெய்ரோ என்று ஒரு நகரத்தைக் காகிதத்தில் எழுப்பியிருந்தார்கள். வரைந்தவர் சாதாரண ஆள் இல்லை. பிலடெல்பியாவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வில்லியம் ஸ்டிரிக்லண்ட். அமெரிக்காவின் இரண்டாம் தேசிய வங்கிக்குக் கிரேக்கக் கோயில் பாணியில் கட்டடம் கட்டித் தந்தவர். அவர் 1838-இல் வரைந்த வருங்காலக் கெய்ரோவை முன்னால் வைத்துக்கொண்டு, டேரியஸ் ஹோல்புரூக் என்பவரின் கம்பெனி லண்டனில் கடன் பத்திரம் விற்றது. 1840-இல் பத்திரம் விற்றுக்கொடுத்த லண்டன் வங்கி கவிழ்ந்தது. பணம் போட்டவர்கள் கையில் மிஞ்சியது கல்லச்சுப் படம். 1842-இல் அந்த வழியாகப் படகில் போன சார்லஸ் டிக்கன்ஸ் அந்தச் சதுப்பைப் பார்த்து அருவருத்து எழுதினார். அடுத்த நாவலில் ஏடன் என்று பெயர் வைத்து ஒரு மோசடி நகரமாகவே அதை ஆக்கிவிட்டார். எழுத்தாளனிடம் சிக்கிய மனை வியாபாரி மீண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் போட்ட பணமும் மீளவில்லை.

சம்னரும் கெய்ரோவும் பச்சைப் பொய்கள். பச்சைப் பொய்மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. வண்டி ஏறிப் போய்ப் பார்த்தால் வெளுத்துவிடும். என் ஆத்திரமெல்லாம் அதற்குப் பிறகு, உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்கு மேல், அமெரிக்கா முழுதும் பெருகிய உண்மைப் படங்கள்மேல். அவற்றில் ஜன்னல் கணக்குத் தப்பாது. மாடிகள் கூடாது, குறையாது. மரம்கூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். பருந்துப் பார்வைப் படங்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஜான் ரெப்ஸ் என்ற அறிஞர் தேடிப்பிடித்துப் பட்டியலிட்டவை மட்டுமே 4,000-க்கும் மேல். ஒரு தேசம் தன்னைத்தானே 4,000 தடவை உயரத்திலிருந்து பார்த்துப் பூரித்துக்கொண்டது.

உயரம் என்றேன். ஓவியர் யாரும் ஏறவில்லை. பலூனில் ஏறிப் பார்த்து வரைந்தார் என்று நினைத்துக்கொள்வது நமக்கு இனிக்கிறது. அந்த ஓவியர்களில் ஒருவரான தாடெயஸ் ஃபௌலர் நடந்தார். நடந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. 1862-இல் இரண்டாம் புல் ரன் சண்டையில் அவர் கணுக்காலில் குண்டு பாய்ந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் ராணுவ மருத்துவர்கள். மாட்டேன் என்று காலோடு தப்பித்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவர். அந்தக் காலை வைத்துக்கொண்டு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு 400-க்கும் மேற்பட்ட ஊர்களின் வீதிகளை அளந்தார். முதலில் ஊரின் வீதிகளைச் சாய்கோணத்தில் கட்டம் போட்டுக்கொள்வது. பிறகு கையில் தாளோடு வீதி வீதியாகப் போய் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நிற்பது. ஜன்னல் எத்தனை, வாசல் எந்தப் பக்கம், கூரை ஓடா, பலகையா, கொட்டகை பின்னாலா, பக்கவாட்டிலா. குறித்ததையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்குள் குடியேற்றுவது. ஒரு நகரம் முழுவதும் தலையில் ஏறி, அங்கிருந்து சாய்ந்து தாளில் இறங்கவேண்டும். கண்ணும் மனசும் ஒன்றாக வேலை செய்கிற பெரிய வித்தை அது. அதைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆல்பர்ட் ரூகரும் அப்படியே. பிரஷ்யாவில் பிறந்து பிழைக்க வந்த கல்தச்சர். ஒகையோ படையில் சிப்பாய். போர் முடிந்ததும் மிச்சிகனில் ஆரம்பித்து ஊர் ஊராக வரைந்தார். 1869 என்ற ஒரே வருஷத்தில் 60 ஊர்களுக்குமேல். வாரத்துக்கு ஒரு ஊரைவிட அதிகம். மழை பெய்த நாளையும் காய்ச்சலில் படுத்த நாளையும் எந்தக் கணக்கில் வைத்தாரோ.

வரைந்து முடித்தால் முடிந்ததா? இனிமேல்தான் கூத்து. படத்தைக் கொண்டுபோய் ஊரின் முக்கியமான இடத்தில், பெரும்பாலும் பத்திரிகை ஆபீஸில், மாட்டி வைப்பார்கள். திருத்தம் இருந்தால் சொல்லலாம். அப்படியே சந்தாவும் கட்டலாம். ஊர்ப் பெரியவர்கள் வந்து எதைத் தேடுவார்கள்? ஊரையா? தன் வீட்டை. என் வீட்டுத் தாழ்வாரம் ஏன் சின்னதாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் கொட்டகைக்கு மட்டும் எதற்கு இவ்வளவு இடம், என் ஆலையின் பெயர்ப்பலகையை எழுதினால் கெட்டா போகும். ஓவியர் அழிப்பான் எடுப்பார். போதுமான சந்தா சேர்ந்தால்தான் படம் மில்வாக்கிக்கோ சிகாகோவுக்கோ அச்சுக்குப் போகும். சேராவிட்டால் நடந்த நடை நடந்ததுதான். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் காசில்லாமலே வாரம் ஒரு பாராட்டு எழுதுவார். நம் ஊரின் பெருமையை உலகறியச் செய்ய ஒவ்வொரு இல்லத்திலும் இது இருக்கவேண்டும், கிழக்கே இருக்கிற உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆனால் குஞ்சு பொன்னாக இருந்தால்தான் மனை விலை ஏறும் என்று காக்கைக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும்.

படம் இரண்டு மூன்று டாலர். அன்றைக்குக் கூலிக்காரர் ஒருவர் இரண்டு நாள் மண் சுமந்தால் ஒரு படம் வாங்கலாம். வாங்கி அதில் தன்னைத் தேடலாம்.

படத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வங்கி, ஓட்டல், மதுவடிசாலை, மர ஆலை, அதன் முதலாளியின் மாடி வீடு. அவை அழகுக்காக வந்தவை என்று கலை வரலாற்று மாணவர்கள் யாராவது ஆய்வேடு எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள். தனியாகக் காசு கட்டினவர்கள் அவர்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டு அது. எழுதின தொகைக்கு ஏற்ற எழுத்து அளவு. கீழே எண் போட்டு ஒரு பட்டியல்: தேவாலயங்கள் சபை வாரியாக, நீதிமன்றம், ரயில் நிலையம், பள்ளி, மாவு ஆலை. செயின்ட் லூயிஸ் நகரத்தை கமீல் ட்ரை என்பவர் 1875-இல் 110 தகடுகளாக வரைந்தார். ஒரு நகரத்துக்கு அவ்வளவு பெரிய படம் யாரும் போட்டதில்லை. அதில் 1,999 இடங்களுக்குப் பெயர் குறித்திருக்கிறார்கள். இரண்டாயிரமாவது இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை போலும். அவ்வளவு பெரிய நகரத்தில்!

யார் காசு கொடுத்தார்களோ அவர்கள் வீடு முன்னால் வரும் என்று பொதுவாகச் சொன்னால் பொறாமை என்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போவோம். 1877-இல் ஈலை ஷெல்டன் குளோவர் வரைந்த படம். கிழக்கிலிருந்து பார்க்கிற பார்வை. தூரத்தில் பசிபிக் சமுத்திரம், சாண்டா மோனிக்கா மலை, நடுவில் நகரம். எல்லாவற்றுக்கும் முன்னால், பார்க்கிறவர் மடியிலேயே வந்து விழுகிற மாதிரி, புரூக்ளின் ஹைட்ஸ் என்ற மேட்டுநிலம். படத்தை வெளியிட்டவர்கள் யார்? புரூக்ளின் நிலம் மற்றும் கட்டடக் கம்பெனி. சமுத்திரத்தையும் மலையையும் பின்னணியாக நிறுத்திவைத்து அதன் முன் தன் மனைகளைக் கடைபரப்பிய இந்தக் கம்பெனியை, பேருந்து நிலையத்துக்கு மிக அருகில் என்று மனை விற்கிற நம் ஊர்க்காரர்கள் குலதெய்வமாகவே கொள்ளலாம்.

அந்த நடுவில் இருக்கிற நகரத்துக்கு வாருங்கள். படம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1871 அக்டோபர் 24 அன்று, அந்த ஊரின் பழைய சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் சுமார் 500 பேர் கூடினார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 6,000. கூடியவர்கள் குறைந்தது 18 சீனர்களைக் கொன்றார்கள். பெரும்பாலோரைத் தூக்கில் தொங்கவிட்டு. தூக்குமரம் எங்கே கிடைக்கும்? கிடைத்த கதவு வளைவிலும் வண்டிப் பட்டறை முகப்பிலும் தொங்கவிட்டார்கள். எட்டுப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் சட்டத் தவறு காட்டி 1873-இல் விட்டுவிட்டார்கள். கதவு வளைவைக் குளோவர் வரைந்தாரா, பட்டறையை வரைந்தாரா என்று நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடப்போவதில்லை. வரைந்தே இருப்பார். துல்லியமானவர். கூரை, முகப்பு, நிழல் எல்லாம் சரியாக இருக்கும். அந்தத் துல்லியம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மின்னசோட்டாவின் மன்கேட்டோ இன்னும் மோசம். டகோட்டா பழங்குடி மக்களின் நிலத்தை முன்பே பறித்தவர்கள், 1862-இல் அதற்குக் கொடுக்கவேண்டிய ஆண்டுத் தொகையையும் இழுத்தடித்துப் பட்டினி போட்டார்கள். சண்டை மூண்டது, குடியேறிகளும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ராணுவ நீதிமன்றம் 303 பேருக்குத் தூக்கு என்றது. சில விசாரணைகள் சில நிமிஷங்களில் முடிந்தன. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். மிஞ்சிய 38 பேரை டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மன்கேட்டோவில் இதற்கென்றே கட்டிய சதுரமான பெரிய மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். ஒரே கயிறு வெட்டு, 38 உயிர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றிய மிகப் பெரிய மரண தண்டனை. ஆயிரக்கணக்கில் கூட்டம் நின்று பார்த்தது. உடல்களை ஆற்று மணலில் புதைத்தார்கள். அன்று இரவே மருத்துவர்கள் வந்து தோண்டி எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அறுத்துப் படிக்க. மறு ஆண்டு டகோட்டா மக்களையே மாநிலத்தைவிட்டு விரட்டினார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 1870-இல், நம் கல்தச்சர் ரூகர் அதே ஊரை வரைந்தார்.

எட்டு வருஷமாகவா தூக்குமேடையை வைத்திருப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம். மேடையைப் பிரித்துப் பலகையை விற்றிருப்பார்கள். நல்ல மரம் எங்கே போனாலும் விலைபோகும். ஆற்று மணலில் எண் போட்டு, கீழே பட்டியலில் இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே 38 பேர் இங்கே என்று எழுதியிருக்கச் சொல்கிறீர்களா என்றும் கேட்பீர்கள். எழுதினால் யார் மூன்று டாலர் கொடுப்பார்கள்? அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கதி அங்கே முடியவில்லை. 1883-இல் மன்கேட்டோவின் பத்திரிகைக்காரர் ஜான் வைஸ் அந்தத் தூக்கையே கல்லச்சுப் படமாகப் போட்டு விற்றார். மேடை, சுற்றிலும் அணிவகுத்த ராணுவம், கூட்டம், பின்னால் ஊர். பஃபலோ நகரத்து அச்சகம் அடித்துக் கொடுத்தது. ஆக, தூக்கை வரைய ஆள் கிடைக்கவில்லை என்பதோ வாங்க ஆள் இல்லை என்பதோ பொய். வாங்கினார்கள். மனை விற்கும்போது ஒரு படம், பெருமை பேசும்போது ஒரு படம். ஒரே கல், ஒரே மை. இரண்டு படத்தையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய வீடுகூட இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போனார் என்பதை மட்டும் ரூகரின் பட்டியலைப் பார்த்து நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

புகைக்கு வருகிறேன். இந்தப் படங்களில் யாருக்கும் கை நடுங்காத ஓர் இடம் உண்டென்றால் அது புகை. ஆலைப் புகைபோக்கி ஒன்றும் சும்மா நிற்காது. ரயில் புகைவிடும், கப்பல் புகைவிடும். புகை இல்லாத ஊர் செத்த ஊர் என்று அர்த்தம். இங்கால்ஸ் ஏமாந்த சம்னர் படத்தில்கூட இல்லாத ஆலைக்கு இருந்த ஒரே சாட்சி புகைதானே. முதலாளிக்குப் புகை விளம்பரம். அதற்கு அடியில் நின்று மூச்சு விட்டவர்களுக்கு அது என்ன என்பதை எழுதத் தனி எண் கிடையாது.

விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ ஊருக்கு 1871 செப்டம்பர் என்று தேதியிட்ட பருந்துப் பார்வைப் படம் ஒன்று இருக்கிறது. மரம் அறுக்கிற ஊர். மர வாளி, தொட்டி, துடைப்பக் கைப்பிடி செய்கிற பெரிய தொழிற்சாலை. பெரும்பங்கு சிகாகோவின் முதல் மேயர் வில்லியம் ஆக்டனுடையது. அந்தச் செப்டம்பரில் சுற்றியிருந்த காடு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் மழை இல்லை. ரயில் பாதைக்கு வெட்டிய மரக்கழிவுக்குத் தீ வைப்பதும், விவசாயிகள் நிலம் திருத்தத் தீ வைப்பதும் வழக்கம்போல நடந்தன. ஊருக்குள் தெருவெல்லாம் மரத்தூள். செப்டம்பர் கடைசியில் ஒரு முறை தீ ஊர் எல்லைவரை வந்து, போராடித்தான் நிறுத்தினார்கள். படத்தில் இந்தப் புகைக்கு இடமில்லை. ஆலைப் புகைக்குத்தான் உண்டு. அக்டோபர் 8 இரவு, சிகாகோ பற்றியெரிந்த அதே இரவு, பெஷ்டிகோ ஒரு மணி நேரத்தில் இல்லாமல் போயிற்று. அந்த வட்டாரத்தில் செத்தவர்கள் 1,200 என்பது குறைந்த மதிப்பீடு. 2,400 வரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் சொல்லக்கூட ஆளில்லாமல் சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். சிகாகோவைப் பற்றிப் பாட்டு, படம், நாடகம் எல்லாம் வந்தன. குரியர் அண்ட் ஐவ்ஸ் கம்பெனி எரிகிற சிகாகோவையும் விற்றது. மூன்றே ஆண்டில் எழுந்து நிற்கிற சிகாகோவையும் விற்றது. பெஷ்டிகோ எரிந்ததை விற்க அவ்வளவு பேர் வரவில்லை. வாங்குவதற்குச் சொந்தக்காரர்கள் மிஞ்ச வேண்டாமா?

ஃபௌலர் 1901-இல் வரைந்த ஊர்களில் ஒன்று பென்சில்வேனியாவின் டொனோரா. அப்போதுதான் பிறந்த ஊர். எஃகுக் கம்பெனித் தலைவர் டானரின் பெயரையும், பணம் போட்ட ஆண்ட்ரூ மெல்லனின் மனைவி நோராவின் பெயரையும் ஒட்டி ஊருக்குப் பெயர் வைத்தார்கள். ஊரில் குடியிருக்கப் போகிறவர்கள் பெயரிலிருந்து ஓர் எழுத்தும் எடுக்கவில்லை. 1915-இல் துத்தநாக ஆலை வந்தது. மலைச்சரிவில் புல் கருகிற்று. 1948 அக்டோபர் கடைசியில் காற்று அசையாமல் நின்று, ஆலைப் புகை பள்ளத்தாக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. நடுப்பகலில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. ஊர் என்ன செய்தது? ஹாலோவீன் ஊர்வலம் நடத்தியது. சனிக்கிழமை பள்ளிக்கூடக் கால்பந்துப் போட்டியும் நடந்தது. ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. 20 பேர் செத்தார்கள், ஆயிரக்கணக்கில் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலையைக் கொஞ்சம் நிறுத்தினார்கள், மழையும் வந்தது. பிறகு திறந்துவிட்டார்கள். வழக்குப் போட்டவர்களோடு கம்பெனி தன்மேல் தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது.

1901-இல் அந்த ஊரை வரைந்த கைக்கு 1948 எப்படித் தெரியும் என்று வாதாடுவார்கள் சிலர். அவர்களுக்கு ஒன்று. அந்தப் புகையை ஆற்றின் மறுகரையில் நின்று பார்ப்பவர்களுக்கும் உள்ளே நின்று சுவாசிப்பவர்களுக்கும் இருக்கிற வித்தியாசம் 1901-இலும் தெரிந்ததுதான். அதனால்தான் ஓரக் கட்டத்தில் வருகிற முதலாளி வீடு ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை.

இப்போது அந்தப் படங்கள் பாரம்பரியச் சொத்து. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1,500-க்குமேல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. வைக்கட்டும், அது நூலகத்தின் வேலை. ஆனால் சின்ன ஊர்களின் நகராட்சி அறைகளில், வங்கிகளின் வரவேற்பறையில், பல் மருத்துவமனையின் சுவரில், எங்கள் ஊரின் பொற்காலம் என்று பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஆலை மூடி, ரயில் நின்று, பிள்ளைகள் வெளியூர் போன ஊர்களில் அது கூடுதலாகவே தொங்கும். சுவரொட்டியாகக் கிடைக்கிறது, துண்டு சேர்க்கும் புதிராகக் கிடைக்கிறது. ஒரு வீட்டின் கூரைத் துண்டு காணாமல் போனால் வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். டகோட்டா மக்களில் ஒரு துண்டும் குறையவில்லை. பெட்டியில் போடவே இல்லையே.

இந்தத் தொழிலை விமான நிழற்படம் கொன்றது என்று ஓக்லி பெய்லி தன் வயதான காலத்தில் சொன்னார். ஃபௌலரின் கூட்டாளியாக இருந்து தானும் நூற்றுக்கணக்கில் வரைந்தவர். 103 வயது வாழ்ந்து 1947-இல் போனார். அவர் சொன்னது பாதி சரி. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் சாக்கடையும் தெரியும், கொட்டகையும் தெரியும், குப்பைமேடும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு ஒன்றையும் முன்னால் தள்ள முடியாது. அதனால் வியாபாரிகள் கொஞ்ச காலம் திகைத்தார்கள், அவ்வளவுதான். இப்போது கணினியில் வரைகிறார்கள். கட்டப்போகிற கோபுரம், அதன் கீழே பலூன் பிடித்த குழந்தை, எப்போதும் மாலை வெயில். ஒரே ஒரு முன்னேற்றம்: அடியில், எறும்பு படிக்கிற அளவில், படம் சித்திரிப்புக்காக மட்டுமே என்று ஒரு வரி. அது வக்கீல்கள் சேர்த்த வரி. இங்கால்ஸுக்கு அந்த வசதி இருந்திருந்தால் செனட்டுக்குப் போயிருக்கவே மாட்டார்.

வரைந்தவர்கள்மேல் எனக்கு உள்ள வருத்தம் வேறு மாதிரி. அவர்கள் பெயர் படத்தின் அடியில் ஒரு மூலையில் இருக்கும், அச்சகத்தின் பெயரைவிடப் பெரிதாக இருக்காது. ரூகர் 1899-இல் ஆக்ரன் ஊரில் போய்ச் சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க ஊரெல்லாம் எண்ணிய மனிதர். எண்ணச் சொன்னதை எண்ணினார். எண்ணவேண்டாம் என்றதை எண்ணியிருந்தால் அடுத்த ஊரில் சந்தா சேராது. எல்லாம் தெரிந்த கூலிக்காரர்கள். அவர்களை விசாரணைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏற்றவேண்டியவர்கள் ஓரக் கட்டங்களில் மாடி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பெயரோடும் விலாசத்தோடும்.

ஃபௌலர் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலும் கோடைகாலம்தான். மரங்கள் இலையோடு நிற்கும், வீதிகள் காய்ந்து கிடக்கும். பனி மூடிய ஊரை எந்த வர்த்தகரும் விலைக்குக் கேட்கமாட்டார். 1922 குளிர்காலத்தில், 79 வயதில், நியூயார்க் மாநிலத்தின் மிடில்டவுன் ஊரை வரைய வந்த ஃபௌலர், பனி உறைந்த தெருவில் வழுக்கி விழுந்தார். மருத்துவர்கள் வெட்டச் சொன்னபோது காலைக் காப்பாற்றிக்கொண்டவரை அந்த மிடில்டவுன் தெரு விட்டுவைக்கவில்லை. விழுந்தவர் மார்ச்சில் இறந்தார். ஊர்ப் பெருமைக்குப் படம் வேண்டும் என்று கேட்டவர்கள், அந்த நடைபாதையின் பனியை வழித்துப்போட ஒரு நாள் கூலிக்கு ஓர் ஆளை வைத்திருக்கலாம். அந்த ஆளையும் படத்தில் போட்டிருக்கமாட்டார்கள்.